காய்ச்சல் டீ

அவளுக்கு அடைக்கோழி என்று பெயர் வைத்தது யார் என்பதில் அந்த ஆய்வுக்கூடத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. மருந்தைச் சிறு குப்பிகளில் நிரப்புகிற அறைக்காரர்கள் தாங்கள்தான் வைத்தோம் என்பார்கள். கீழ்த்தளத்தில் நோயாளிகளுக்கு ஊசி போடும் நர்ஸ், தான்தான் முதலில் கூப்பிட்டதாகச் சத்தியம் செய்வாள். யார் வைத்தால் என்ன, பெயர் அப்படியே பொருந்திவிட்டது. முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் வைத்திருக்கும் இரும்பு அலமாரிகளுக்கு முன்னால், கைகளைக் கட்டிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நிற்பாள். உள்ளே தட்டையான பிளாஸ்டிக் குடுவைகள் அடுக்கடுக்காகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ரோஜா நிறத்தில் கொஞ்சம் திரவம், அதன் அடியில் வெறும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள். அலமாரிக் கதவை யாராவது கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைத்துவிட்டால் போச்சு. "காத்து வாங்குறதுக்கா திறந்திருக்கீங்க? மூடுங்க முதல்ல!" என்று கத்துவாள். எதிரே நிற்பது எவ்வளவு பெரிய விஞ்ஞானியாக இருந்தாலும் கத்தல் ஒன்றுதான்.

அத்தனை செல்லமாக அவற்றை எதற்கு வளர்க்கிறாள் தெரியுமா? சாகடிக்கத்தான். உதட்டில் கொப்புளம் கிளப்புமே ஒரு சாதாரண வைரஸ், அதைப் பிடித்து, பல்லைப் பிடுங்கி, வேறு வேலை பழக்கி வைத்திருந்தார்கள் அங்கே. அந்த வைரஸ் பெருகுவதற்குத் தீனி இவள் வளர்க்கும் உயிரணுக்கள். பெருகியதை வடிகட்டி, சுத்தம் பார்த்து, குப்பியில் அடைத்து, உறைய வைப்பார்கள். புற்றுக்கட்டிக்குள் அதை ஊசியால் ஏற்றினால், வைரஸ் கட்டியின் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துப் போடும். அந்த அமளியில் உடம்பின் சொந்தக் காவல் கண் விழித்து, மற்ற இடங்களில் பதுங்கியிருக்கும் புற்றையும் தேடிப் போகும். போக வேண்டும். போகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தச் சோதனை. வேறு எந்த மருந்துக்கும் கேட்காமல் நோய் முற்றிப்போனவர்கள் மட்டுமே அங்கே வருவார்கள்.

அடைக்கோழிக்கு ஒரு விஷயத்தில் எமகாதகக் கண். குடுவையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். திரவத்தில் துளி கலங்கல் இருந்தாலும், "கிருமி புகுந்துடுச்சு. கொண்டுபோய்க் கொட்டுங்க" என்பாள். கருவியில் வைத்துச் சோதித்தால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஒரு குடுவையில் கிருமி என்றால் அந்த வரிசை முழுவதையும் தூக்கி எறிவாள், வாரக்கணக்கில் பட்ட பாட்டைப் பற்றிக் கவலையே படமாட்டாள். "சந்தேகம் வந்தா வெச்சுக்கிட்டு யோசிக்கக் கூடாது" என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வாள். சொன்னாளே! வாய் கிழியச் சொன்னாளே!

அந்தக் கட்டடத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டவருக்கு அன்று சாயங்காலமோ மறுநாளோ காய்ச்சல் வரும். வைரஸ் உள்ளே போய்ச் சேர்ந்ததற்கு, உடம்பு அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்ததற்கு அது அடையாளம். கீழ்த்தள நர்ஸ் மேலே போன் செய்து, "வந்துடுச்சு!" என்பாள். யார் வளர்த்த தொகுப்பிலிருந்து அந்தக் குப்பி போயிற்றோ, அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். காய்ச்சல் டீ என்று அதற்குப் பெயர். முதல் தடவை ஒரு நோயாளிக்குக் கட்டி கரைந்தபோது யாரோ சந்தோஷத்தில் ஆரம்பித்து வைத்தது. சோதனையை நடத்தும் பெரிய டாக்டரம்மாவுக்கு இது பிடிக்காது. "காய்ச்சல் வந்தா மருந்து போய்ச் சேர்ந்துச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். ஜெயிச்சாச்சுன்னு யார் சொன்னது உங்களுக்கு?" என்று திட்டுவார். திட்டிவிட்டு ஒரு டீயும் எடுத்துக்கொள்வார். முற்றிய புற்றோடு மல்லுக்கட்டுகிற இடம். சாவுச் செய்தி வாரத்துக்கு ஒன்று வரும். சந்தோஷப்பட அவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா?

அப்படியே ஓடிக்கொண்டிருந்தது அவள் பிழைப்பு. அதற்குள்தான் தம்பி வந்தான். நோயாளியாக வந்தான்.

தம்பி பஸ் டிரைவர். அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவனை அக்காதான் ஆளாக்கினாள். கல்யாணம் கில்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால், "இவன் ஒருத்தனை மேய்க்கிறதே பெரும்பாடு, இன்னொருத்தனை வேற எங்க கொண்டுபோய்க் கட்டுறது?" என்று சிரித்து மழுப்புவாள். அவனுக்குப் பார்த்துப் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தாள். வந்தவள் நகலெடுக்கும் கடையில் வேலை பார்க்கிறவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். நாத்தனாரை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டு, எதுவென்றாலும் கேட்டுக் கேட்டுத்தான் செய்வாள். மாடியில் அக்கா, கீழே அவர்கள் இருவரும். வீட்டில் சத்தம் என்றால் தம்பியின் சத்தம்தான். அவன் பேச ஆரம்பித்தால் சுவர்கூடச் சிரிக்கும்.

அவனுடைய இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி. கிளட்ச் மிதிக்கிற கால். ஷூ உரசிக் கன்றிப்போயிருக்கும் என்று விட்டுவிட்டான். உள்ளங்காலை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? அது ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்து, ஒருநாள் வெடித்து நீர் வடிந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். தோலில் வருகிற புற்று. அறுத்தார்கள். ஆறு மாதத்தில் கணுக்காலிலிருந்து தொடைவரை கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள் முளைத்தன. நுரையீரலிலும் புள்ளிகள். இருக்கிற மருந்தையெல்லாம் ஏற்றிப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, டிக்கெட் வாங்காம ஒருத்தன் பஸ்ல ஏறிட்டான். இறங்க மாட்டேங்கிறான்" என்பது. தம்பி மனைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அடைக்கோழி அழவில்லை. மறுநாள் காலையில் பெரிய டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்றாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்தார். ஊசி ஏற்ற வாகாகக் காலிலேயே கட்டிகள் இருந்தன. சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ஒரு நிபந்தனை போட்டார். "ஊசி போடுற அறைப் பக்கம் நீங்க வரக் கூடாது. இங்க நீங்க வேலை பார்க்கிறவங்க, அங்க அக்கா. ரெண்டையும் குழப்பிக்காதீங்க." அவள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள்.

வீட்டில் தம்பிக்கு அவள்தான் எல்லாவற்றையும் விளக்கினாள். "புற்றுநோய் இருக்கே, அது வெளியாள் இல்லடா. உன் உடம்பிலேயே பிறந்தது. அதனாலதான் உன் காவல்காரனுங்க அதைக் கண்டுக்காம விட்டுடுறாங்க. இந்த வைரஸ் போய் அவனைக் காட்டிக் கொடுக்கும்."

"அப்போ உன் வைரஸ் டிக்கெட் செக்கரா?"

"ஆமா, செக்கர்தான்."

"செக்கர் ஏறினா பஸ்ல ஒரே களேபரமா இருக்குமே!"

"இருக்கும். அதுதான் காய்ச்சல். வந்தா பயப்படாதே. வரலைன்னாதான் பயப்படணும்."

இந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம். டாக்டரம்மாகூட அப்படிச் சொன்னதில்லை.

முதல் ஊசி போட்ட அன்று சாயங்காலம் தம்பிக்குக் காய்ச்சல் அடித்தது. தம்பி மனைவி மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வேண்டுமானால் போடலாம் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் அச்சிட்டே இருந்தது. அடைக்கோழி கையைப் பிடித்துத் தடுத்தாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா. அணைச்சுடாதே." தம்பி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நாளைக்கு உங்க ஆளுங்களுக்கு டீ உண்டு இல்ல? என் பேரைச் சொல்லி ஒரு பிஸ்கட்டும் சேர்த்து வாங்கிக் கொடு" என்றான். வாங்கிக் கொடுத்தாள். காய்ச்சல் மறுநாள் தானாக இறங்கிற்று. இரண்டாவது ஊசிக்கும் வந்தது, போயிற்று. மூன்றாவதுக்கும் அப்படியே.

கட்டிகள்தான் கண்ணாமூச்சி காட்டின. சில வீங்கின, சில சிவந்தன, ஒன்றிரண்டு தட்டையானதுபோல் தெரிந்தன. உள்ளே காவல் உயிரணுக்கள் வந்து குவிந்தாலும் வீங்கும், புற்று வளர்ந்தாலும் வீங்கும், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தம்பி மனைவி கையுறை மாட்டிக்கொண்டு கட்டுப் பிரித்து மருந்து வைக்கும்போதெல்லாம் அடைக்கோழி பக்கத்தில் குனிந்து பார்ப்பாள். ஆய்வுக்கூடத்தில் குடுவையைப் பார்க்கிற பார்வை இல்லை அது. பிள்ளையின் பரீட்சைத் தாளைப் பார்க்கிற தாயின் பார்வை. எங்கேயாவது ஒரு மார்க் கூடக் கிடைக்காதா என்று தேடுகிற பார்வை. "இது குறைஞ்சிருக்கு பாரு. பார்த்தியா? போன வாரம் இதைவிடப் பெருசு" என்பாள். தம்பி மனைவியும் "ஆமாக்கா" என்பாள். அவளுக்கு வித்தியாசம் தெரிந்ததோ இல்லையோ, அக்கா சொன்னால் சரி.

நாலாவது ஊசி போட்ட அன்று, சோதனையின் வழக்கப்படி ஒரு கட்டியிலிருந்து சிறு துண்டு வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த முறை காய்ச்சல் வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. அடைக்கோழிக்கு வேலையில் ஒன்றும் ஓடவில்லை. அவளே ஒரு தடவை அலமாரிக் கதவைச் சரியாக மூடாமல் வந்துவிட்டாள் என்றால் பாருங்கள். வைரஸ் வேலையை நிறுத்திவிட்டதா? உடம்பு பழகிவிட்டதா? கீழ்த்தள நர்ஸிடம் போய், "குப்பியைச் சரியா உருக்கினீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

நாலைந்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு வேளையில் தம்பி மனைவியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, இவருக்குக் காய்ச்சல் அடிக்குது. உடம்பெல்லாம் உதறுது."

அடைக்கோழி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. "வந்துடுச்சா? வந்துடுச்சா? நல்லதும்மா, நல்லது! இந்தத் தடவை கொஞ்சம் லேட்டா வந்திருக்கு, அவ்வளவுதான்" என்றாள். அந்தப் பக்கம் தம்பி மனைவி தயங்கித் தயங்கி, "உதறல் ஜாஸ்தியா இருக்கேக்கா" என்றாள். "இருக்கட்டும். செக்கர் ஏறியிருக்கான்னு சொல்லு அவன்கிட்ட, புரியும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வைத்துவிட்டு என்ன செய்தாள் தெரியுமா, மகராசி? எல்லோருக்கும் டீ சொன்னாள். நிரப்பும் அறைக்காரர்களுக்கு, கோபித்துக்கொண்ட நர்ஸுக்கு, தரை துடைக்கிறவருக்கு, எல்லோருக்கும். டாக்டரம்மா அன்றைக்கு வெளியூரில் இருந்தார். இருந்திருந்தால் "எத்தனாவது நாள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார். டீ குடித்தவர்களில் ஒருவருக்குமா அந்தக் கேள்வி தோன்றவில்லை? தோன்றவில்லை. காய்ச்சல் என்று காதில் விழுந்ததும் கைகள் கப்பைத் தேடின. பழக்கம் அப்படி.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது தம்பி கட்டிலில் சுருண்டு கிடந்தான். பற்கள் தந்தியடித்தன. கட்டைப் பிரித்துக் காலைப் பார்த்தாள். துண்டு வெட்டியெடுத்த இடத்தைச் சுற்றித் தோல் செக்கச்செவேலென்று சூடாகி, சிவப்பு முழங்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஐயோ, அந்தக் கண்! ஒரு சொட்டுக் கலங்கலுக்கு ஒரு வரிசையையே கொட்டச் சொல்கிற கண்! அந்தச் சிவப்பைப் பார்த்து அது என்ன சொல்லிற்று தெரியுமா? "நல்லா சண்டை போடுதுடா உன் உடம்பு" என்று சொல்லிற்று.

தம்பி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். "வேலை செய்யுது இல்லக்கா?"

"செய்யுதுடா. சூப்பரா செய்யுது."

"உங்க ஆளுங்க டீ குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க, குடிச்சாங்க. நீ பேசாம படு."

அவன் சிரித்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

தம்பி மனைவி கதவருகே நின்றாள். ஒரு கையில் ஆஸ்பத்திரி அட்டை, மறு கையில் போன். ஊசி போட்டு இரண்டு நாளுக்குப் பிறகு காய்ச்சல் வந்தாலோ, நடுக்கம் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ எந்த நேரமானாலும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நகலெடுக்கும் கடைக்காரி, அச்சில் இருப்பதை வரி விடாமல் படிக்கிறவள். "அக்கா, இதுல போட்டிருக்கு. ஒரு போன் பண்ணிக் கேட்கவா?"

"எதுக்கும்மா? கேட்டா என்ன சொல்லுவாங்க, உடனே கூட்டிட்டு வான்னு சொல்லிப் படுக்க வெச்சுடுவாங்க. கிருமி மருந்தை ஏத்துவாங்க. அடுத்த ஊசியைத் தள்ளிப் போடுவாங்க. இப்பதான் பிடிச்சிருக்கு, இப்ப போய் நிறுத்தினா இவ்வளவு பட்டதும் வீணாப் போயிடும். நான் அங்கதானே வேலை பார்க்கிறேன்? எனக்குத் தெரியாதா? காலையில பார்த்துக்கலாம்."

தம்பி மனைவி அட்டையை ஒருமுறை பார்த்தாள், அக்காவை ஒருமுறை பார்த்தாள். "சரிக்கா" என்றாள்.

அடைக்கோழி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதை நான் சொல்லாவிட்டால் பாவம். அவளுக்கு இந்த உலகத்தில் இருந்தது அவன் ஒருவன். அவன் பிழைக்க வேண்டும், அதற்கு அந்த ஊசி நிற்கக் கூடாது, இது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சலைக் காய்ச்சலாகப் பார்க்க அவளுக்கு மறந்துபோயிருந்தது. தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு அந்தக் காலைக் காட்டியிருந்தால், "டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் தம்பி பிழைத்திருப்பான்.

காலையில் அவன் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தான். கண்டக்டரைக் கூப்பிட்டு, படியில் தொங்குகிறவர்களை உள்ளே வரச் சொல் என்றான். கை சில்லென்று இருந்தது. அப்போதுதான், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இது வேறு காய்ச்சல் என்று அவளுக்கு உறைத்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி மனைவிதான் அட்டையைப் பார்த்து எண்ணை அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் அவனை நேரே தீவிர சிகிச்சைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா ஊரிலிருந்து வந்த கையோடு ஓடி வந்தார். "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார். தம்பி மனைவி, "நேத்து மதியம்" என்றாள். டாக்டரம்மா அடைக்கோழியின் முகத்தைப் பார்த்தார். அடைக்கோழி தரையைப் பார்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார். வெட்டியெடுத்த புண் வழியாகச் சாதாரணக் கிருமி ஒன்று இரத்தத்தில் இறங்கியிருந்தது. நேற்று மதியமே வந்திருந்தால் பழகிப்போன மருந்து ஒன்றே மடக்கியிருக்கக்கூடிய கிருமி. இப்போது எந்த மருந்தும் அதை எட்டிப் பிடிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் தம்பி போய்விட்டான். கடைசிவரை யாரையும் தெரிந்து கூப்பிடவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். பெரிய நோய், முற்றின நோய், அவன் தாங்கினதே அதிகம், இனிமேலாவது வலியில்லாமல் இருக்கட்டும் என்றார்கள். பஸ் டிப்போவிலிருந்து வந்தவர்கள் மூலையில் நின்று அவன் அடித்த ஜோக்குகளை மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். தம்பி மனைவி வந்தவர்களிடமெல்லாம், "அக்கா எவ்வளவோ போராடினாங்க. அவங்க இல்லைன்னா இவ்வளவு நாள்கூட இருந்திருக்க மாட்டாரு" என்று சொன்னாள். ஒவ்வொரு தடவை அவள் அதைச் சொல்லும்போதும் அடைக்கோழிக்கு ஈரக்குலை அறுந்தது. எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

வேலைக்குத் திரும்பினாள். அலமாரிக் கதவை யார் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. கீழ்த்தளத்திலிருந்து போன் வந்தால், அந்த அறையிலேயே இருக்கமாட்டாள். டீ வாங்குவதை மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். யாரும் யாரிடமும் காரணம் கேட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார், தானும் உட்கார்ந்தார், பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"அன்னிக்கு எடுத்த துண்டோட முடிவு வந்திருக்கு. உங்ககிட்ட சொல்றதா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன். எப்படியும் நாலு பேருக்கு முன்னாடி எங்கேயாவது உங்க காதுல விழும். அதான் நானே சொல்லிடுறேன்."

"சொல்லுங்க டாக்டர்."

"அந்தத் துண்டுல புற்றுநோய் இல்ல. ஒரு உயிரணுகூட இல்ல. முழுக்க முழுக்க அவரோட சொந்தக் காவல்தான் நிறைஞ்சிருக்கு. கடைசியா ஐசியூல எடுத்த ஸ்கேனையும் மறுபடி பார்த்தோம். நுரையீரல்ல இருந்த புள்ளிகள் பாதிக்கு மேல சுருங்கியிருக்கு. இந்தச் சோதனையிலேயே இவ்வளவு நல்லா யாருக்கும் கேட்டதில்ல."

அடைக்கோழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைரஸ் வேலை செய்திருக்கிறது. அவள் வளர்த்து, வடித்து, குப்பியில் அடைக்கக் கொடுத்த வைரஸ், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்திருக்கிறது. நாலாவது ஊசிக்குக் காய்ச்சல் வராததற்கும் நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"அப்போ பொழைச்சிருப்பானா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் பொறுத்து, "பொழைச்சிருக்கலாம்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "உங்களைக் குத்தம் சொல்ல நான் கூப்பிடல. காய்ச்சல் வந்தா சிரிக்கிற பழக்கத்தை இங்க வளர விட்டது நான்தான். நானும்தான் அந்த டீயைக் குடிச்சேன்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். கையுறைகூடக் கழற்றாமல் வந்துவிட்டாள், தெருவில் யாரோ பார்த்து விநோதமாகச் சிரித்தபோதுதான் தெரிந்தது. வீடு போய்ச் சேரும்வரை மனத்துக்குள் ஒரே போராட்டம். சொல்லாமல் விட்டால் தம்பி மனைவிக்கு ஒரு நாளும் தெரியவராது. பெரிய நோய் கொண்டுபோயிற்று என்று அழுது, ஆறி, எப்படியோ ஒருநாள் எழுந்து நடமாடுவாள். ஆனால் அவள் இன்னும் ஒருதரம், "அக்கா எவ்வளவோ போராடினாங்க" என்று சொன்னால், தன்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது என்று அடைக்கோழிக்குத் தோன்றியது. அவள் திட்ட வேண்டும். மண்ணை வாரித் தூற்ற வேண்டும். அறைந்தாலும் சரி. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தம்பி மனைவி கட்டிலில் உட்கார்ந்து அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யாத சட்டைகள். அடைக்கோழி நின்றபடியே சொன்னாள். துண்டில் புற்று இல்லாததைச் சொன்னாள், ஸ்கேனைச் சொன்னாள், ஐந்தாம் நாள் காய்ச்சல் வேறு காய்ச்சல் என்பதைச் சொன்னாள். மதியமே போயிருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றாள். "நான்தான்ம்மா. நீ கேட்டே, நான்தான் வேண்டாம்னேன். என்னைத் திட்டு. எதையாவது எடுத்து அடி."

தம்பி மனைவி திட்டவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். முடித்ததை மறுபடி பிரித்தாள்.

"அப்போ அவருக்கு நல்லாயிட்டு வந்துச்சா?"

"ஆமா."

"நல்லாகிட்டு வந்த மனுஷனையா நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்?" சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். "அட்டையைப் படிச்சது நான். போன் என் கையிலதானே இருந்துச்சு. உங்களை எதுக்குக் கேட்டேன்? கேட்காம அழுத்தியிருக்கணும்."

"ஐயோ, நீ என்னம்மா செய்வே? உன்மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்..."

"இதை நீங்க என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்க்கா. நோய்தான் கொண்டுபோச்சுன்னு நினைச்சு அழுதுக்கிட்டு இருந்தேன். அதை என்னால தாங்க முடிஞ்சுது."

அடைக்கோழி அப்போதுதான் தான் செய்த காரியத்தைப் பார்த்தாள். தாங்க முடியவில்லை என்று இறக்கி வைக்க வந்தாள். இறங்கவும் இல்லை, குறையவும் இல்லை. அதே கனத்தில் இன்னொன்றை இந்தப் பெண்ணின் தலையிலும் ஏற்றிவிட்டாள். கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கடைசியில் தம்பி மனைவி கேட்டாள். "நல்லாயிட்டு வருதுன்னு அவருக்குத் தெரிஞ்சுதா?"

"அன்னிக்குச் சாயங்காலம் கேட்டான். வேலை செய்யுதுடான்னு சொன்னேன். நம்பினான்."

தம்பி மனைவி அந்தச் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டாள்.

"நானும்தான் நம்பினேன்க்கா."